முதல் டிராக் டேக்கு முன் சஸ்பென்ஷன்: எதை மாற்றலாம், எதை விட்டுவைக்கலாம்

நாகர்கோவிலில் பழைய ஆடி டிடி ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கும் என் அக்கா மகன், கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு டிராக் டேக்கு, அதாவது சொந்த காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, பெயர் கொடுத்துவிட்டான். பெயர் கொடுத்த கையோடு, "மாமா, காயிலோவர் போட்டுவிட்டுப் போகவா, ஸ்பிரிங் மட்டும் மாற்றினால் போதுமா?" என்று கேட்டான். ஸ்பிரிங்கும் அதன் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தொகுதியாக, உயரத்தை மாற்றும் வசதியோடு வருவதுதான் காயிலோவர். எதையாவது மாற்றியே தீர வேண்டும் என்ற முடிவு அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. மாற்றலாம். ஆனால் அவன் சொன்ன இரண்டுமே என் பட்டியலில் கடைசியில் வருபவை. தேய்ந்ததைப் புதுப்பித்து, சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் பார்த்து, மீதிப் பணத்தை டயருக்கும் பிரேக்குக்கும் செலவிடு என்பதுதான் அவனுக்கு நான் சொன்னது. ஏன் என்பதை விரித்து எழுதுகிறேன்.

காரைப் பற்றி இரண்டு வரி. 2015-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மூன்றாம் தலைமுறை டிடி அது. 230 குதிரைத்திறன், குவாட்ரோ எனும் நான்கு சக்கர இயக்கம். இன்ஜின் முன்பக்கம் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கே சக்கரத்தை மேலிருந்து தாங்கிப் பிடிக்கும் அமைப்பு), பின்னால் ஒவ்வொரு சக்கரத்தையும் பிடித்துவைக்க நான்கு ஆர்ம்கள். போலோ, ஆக்டேவியா, மினி கூப்பர் வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். அவற்றுக்கும் முன்னால் மெக்பர்சன்தான்.

கார் எங்கெல்லாம் ஓடப் போகிறது என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். கரி டிராக்கின் ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். நாள் முழுக்க ஆசை தீர ஓட்டினாலும் டிராக்கில் ஓடுவது நூறு கிலோமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். நாகர்கோவிலிலிருந்து மதுரை, திண்டுக்கல் வழியாகக் கோவை போக ஏறத்தாழ 450 கிலோமீட்டர். அதே சக்கரங்களில் திரும்பியும் வர வேண்டும். வருடத்தின் மற்ற நாள்களில் இந்த கார் ஓடப்போவது மழைக்குப் பிந்தைய களியக்காவிளை சாலையிலும், குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டச் சாலைகளிலும், குளச்சல், முட்டம் கடற்கரைச் சாலையிலும். இந்திய சாலைக் காங்கிரஸின் அளவுப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். நம் ஊர்த் தெருக்களில் அந்த அகலத்தை யாராவது பார்த்திருந்தால் எனக்கு இடத்தைச் சொல்லுங்கள். உயரத்தில் மட்டும் நாம் ஒருபோதும் கஞ்சத்தனம் காட்டியதில்லை.

இனி, காரின் உயரத்தைக் குறைத்து இறக்குவதில் உண்மையில் என்ன கிடைக்கிறது என்று கணக்குப் போடலாம். ஓட்டுநரோடு சேர்த்து கார் 1,400 கிலோ, எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1.57 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வளைவில் 0.9 ஜி, அதாவது காரின் எடையில் 0.9 பங்கு, பக்கவிசை வரும்போது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு இடம் மாறும் சுமை சுமார் 400 கிலோ. காரை 30 மில்லிமீட்டர் இறக்கினால் அது 377 கிலோவாகக் குறையும். ஆறு சதவீதத்துக்குள் அடங்கும் லாபம். ஸ்பிரிங்கை எவ்வளவு கெட்டியாக்கினாலும் இந்த மொத்தச் சுமை குறையாது. எடையும் உயரமும் அகலமும்தான் அதை முடிவு செய்கின்றன. ஸ்பிரிங்கும், இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் ஆன்டி ரோல் பாரும் செய்வது வேறு இரண்டு வேலைகள்: பாடி எவ்வளவு சாய வேண்டும் என்பதையும், அந்த 400 கிலோவில் முன் ஜோடி எவ்வளவு, பின் ஜோடி எவ்வளவு தாங்க வேண்டும் என்பதையும் அவை தீர்மானிக்கின்றன. சாய்வு குறைந்தால் கார் வேகமாகப் போவதுபோல் தோன்றும். தோற்றத்துக்கும் வேகத்துக்கும் தொடர்பு இருந்தே ஆக வேண்டும் என்றில்லை.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் 'ஸ்பிரிங் மட்டும்' என்ற வழி உடனே அடிபட்டுப் போகும். பழைய ஷாக்கின் மேல் குட்டையான, கெட்டியான ஸ்பிரிங்கைப் பூட்டும்போது ஷாக்கின் தண்டு எப்போதும் பாதி உள்ளே போன நிலையிலேயே நிற்கிறது. பம்ப் ஸ்டாப் எனும் ரப்பர் கட்டைக்கு இருக்கும் இடைவெளி சுருங்குகிறது. வளைவின் நடுவில் வெளிப்பக்க முன்சக்கரம் அந்த ரப்பர் கட்டையில் போய் முட்டிய நொடியில் ஸ்பிரிங்கின் கெட்டித்தன்மை திடீரெனப் பல மடங்காகி, டயர் பிடியை விடும். மெக்பர்சனில் இன்னொரு சிக்கலும் உண்டு. காரை இறக்கும்போது முன்பக்க ரோல் சென்டர், அதாவது பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால், சாய்க்கும் நெம்புகோல் நீளமாகிறது. சாய்வைக் குறைக்கப் பணம் கொடுத்து, சாய்வதற்கான காரணத்தையும் சேர்த்து வாங்குகிறோம். படம் எடுத்துப் போட நன்றாக இருக்கும் என்பதைத் தவிர இதற்கு ஆதரவாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

ஷாக் அப்சார்பர் விஷயம் வேறு. டிராக்கில் ஓட்டுநர் கைக்கு நேரடியாகத் தெரியும் உறுப்பு அதுதான். பிரேக்கை மிதிக்கும்போது மூக்கு எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது, ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு பாடி சாய்ந்து முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது, ஒரு மேட்டில் ஏறி இறங்கிய சக்கரம் மறுபடி தரையில் அழுந்த எவ்வளவு நேரமாகிறது ஆகிய மூன்றும் ஷாக்கின் பொறுப்பு. கசிந்துபோன ஷாக் உள்ள கார், கேட்ட கேள்விக்குப் பதிலை இரண்டு தவணையில் சொல்லும். ஓட்டிப் பழகியவர் அதை எதிர்பார்த்துக் கையை அடக்கிக்கொள்வார்; முதல் தடவை டிராக்கில் இறங்குபவர் பதற்றத்தில் இன்னும் கொஞ்சம் திருப்புவார்.

எனவே முதலில் செய்ய வேண்டியது பழைய ஷாக்கைப் பரிசோதிப்பது. பானெட் மூலையை அழுத்தி விட்டுப் பார்க்கும் வழக்கம், முற்றிலும் செத்த ஷாக்கைத்தான் காட்டிக்கொடுக்கும்; பாதி செத்ததை மறைத்துவிடும். லிஃப்டில் ஏற்றி, உடம்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா, தூசு உறை கிழிந்திருக்கிறதா, பம்ப் ஸ்டாப் உதிர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடவே டாப் மவுண்ட், லோயர் ஆர்மின் ரப்பர் உறையான புஷ், ஸ்டெபிலைசர் லிங்க், பால் ஜாயின்ட் ஆகிய இணைப்புகள் எல்லாவற்றையும் கம்பி போட்டு நெம்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும். பத்து வருடம் ஆன காரில் லோயர் ஆர்மின் பின்பக்க புஷ் வெடித்திருப்பது சாதாரணம். ரப்பர் பால் வெட்டி ஷீட் அடிக்கும் மாவட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு, ரப்பர் வெயிலிலும் எண்ணெயிலும் என்னவாகும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த புஷ் போயிருந்தால் பிரேக் போடும்போது சக்கரம் பின்னுக்கு நகர்ந்து, அலைன்மென்ட் அந்த நொடியில் மாறிவிடும். அந்த காரில் எவ்வளவு விலையுயர்ந்த காயிலோவரைப் பூட்டினாலும் பயன் இல்லை.

ஷாக் போயிருக்கிறது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கம்பெனி ஷாக்கையே வாங்குவதா அல்லது ஒரு படி மேலே போவதா? இங்கே நான் ஒரு படி மேலே போகச் சொல்வேன். பில்ஸ்டைன் பி6 போன்ற மோனோடியூப் ஷாக், காரின் சொந்த ஸ்பிரிங்கோடும் சொந்த உயரத்தோடும் வேலை செய்வதற்காகவே செய்யப்பட்டது. அதன் ஒற்றைக் குழாய்க்குள் எண்ணெயும் உயர் அழுத்த வாயுவும் ஒரு மிதக்கும் பிஸ்டனால் பிரிக்கப்பட்டிருக்கின்றன. எண்ணெயில் குமிழ் சேர்வது குறைவு. சூடு நேரே வெளிக்காற்றுக்குப் போகிறது. தொடர்ந்து இருபது நிமிடம் டிராக்கில் ஓட்டியபின்னும் முதல் சுற்றில் இருந்த பிடிப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும். உயரம் குறையாததால் நம் வேகத்தடைகளோடு புதிய சண்டை எதுவும் வராது. இறக்கியே தீருவேன் என்பவர்களுக்கு அதே நிறுவனத்தின் பி8 இருக்கிறது. குட்டை ஸ்பிரிங்குக்கு ஏற்பத் தண்டு குறைக்கப்பட்ட ஷாக் அது. ஐபாக், எச் அண்டு ஆர் போன்ற நிறுவனங்களின் ஸ்பிரிங்கோடு ஜோடி சேர்த்தால் தனி ஸ்பிரிங் வழியின் பெரும்பாலான கேடுகள் நீங்கும். இருபது, இருபத்தைந்து மில்லிமீட்டருக்கு மேல் இறக்காதவரை அது நியாயமான இரண்டாவது தேர்வு.

காரில் மின்னணு ஷாக் இருந்தால் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். சாதாரண ஷாக்கைப் பூட்டியதும் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். அதை அணைக்கத் தனி மாட்யூலோ கோடிங்கோ தேவைப்படும். இருக்கிற மின்னணு ஷாக் கசியாமல் வேலை செய்துகொண்டிருந்தால் ஸ்போர்ட் நிலையில் வைத்து அப்படியே டிராக்கில் ஓட்டலாம்.

காயிலோவர் பக்கம் வருவோம். அதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. உயரத்தை நான்கு மூலையிலும் தனித்தனியாக வைக்கலாம். எடைத் தராசில் ஏற்றி, மூலைவிட்டமாக எதிரெதிரே இருக்கும் சக்கரங்களில் விழும் குறுக்கு எடையைச் சரிக்கட்டலாம். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்காக மற்றொன்று செய்யப்பட்டவை. கேடபிள்யூ நிறுவனத்தின் வேரியன்ட் 1-இல் ஷாக்கின் கெட்டித்தன்மை நிலையானது. வேரியன்ட் 3-இல் அமுங்குவதையும் மீள்வதையும் தனித்தனியாகத் திருகி வைக்கலாம். பில்ஸ்டைனில் பி14 நிலையானது, பி16 திருகக்கூடியது. ஓலின்ஸின் ரோடு அண்டு டிராக் இன்னும் நயமானது, விலையும் அதற்கேற்றது. டிராக்குக்கு அடிக்கடி போகிறவர், ஒரு மாற்றம் செய்து நான்கு சுற்று ஓட்டி அதன் விளைவைப் பிரித்துச் சொல்லக்கூடியவர், இந்தத் திருகுகளிலிருந்து உண்மையான பலன் பெறுவார்.

முதல் முறை போகிறவருக்கு அந்தத் திருகுகள் வெறும் குழப்பம். டிராக் புதிது, பிரேக் போடும் இடம் தெரியாது, எந்த வளைவில் எந்த கியர் என்பது தெரியாது. அதோடு காரும் நேற்றுப் பூட்டிய சஸ்பென்ஷனோடு வந்திருந்தால், முன்பக்கம் வழுக்கும்போது காரணம் தன் வேகமா, டயரின் காற்றா, திருகின் நிலையா என்று எப்படிப் பிரித்தறிவது? பல மாதம் ஓட்டி அதன் குணம் கையில் ஏறிய கார், சற்று மென்மையாக இருந்தாலும், முதல் நாளுக்கு நல்ல ஆசிரியர்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. காயிலோவரின் உயரத்தை மாற்றும் மரை வெளியே திறந்திருக்கும். முட்டத்திலோ மணவாளக்குறிச்சியிலோ வீடு இருந்து, உப்புக் காற்றில் கார் நின்றால், இரண்டு மழைக்காலத்துக்குள் அந்த வளையம் மரையோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுக்கும். உயரத்தை மாற்றலாம் என்பதற்காகப் பணம் கொடுத்தவரின் கார் அதன்பின் ஒரே உயரத்தில்தான் நிற்கும். வாங்கியே ஆக வேண்டுமானால் துருப்பிடிக்காத எஃகு உடம்பு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கேடபிள்யூ அப்படித் தருகிறது. பூட்டும் நாளிலேயே மரைக்கு மெழுகுப் பூச்சு கொடுத்து, மழைக்காலம் முடிந்ததும் கழுவி ஒரு முறை திருகி வையுங்கள்.

பின்பக்க ஆன்டி ரோல் பாரைத் தடித்ததாக மாற்றுவது பற்றித்தான் எனக்கு இரு மனம். விலை குறைவு, வேலை குறைவு, இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும் வேகத்தடையில் அது குறுக்கிடாது. முன்பக்கம் கனமான கார்களின் பொதுக் குணம் அண்டர்ஸ்டியர்: திருப்பியும் திரும்பாமல் வெளியே தள்ளிக்கொண்டு போவது. பின் பாரைக் கெட்டியாக்கினால் சுமை மாற்றத்தில் பின்பக்கத்தின் பங்கு கூடி, முன் டயர்களுக்குச் சிறிது ஓய்வு கிடைக்கும். கார் ஆவலோடு திரும்பும். ஒரு ரூபாய்க்கு இவ்வளவு மாற்றம் தரும் பொருள் வேறில்லை.

ஆனால் டிடி என்ற பெயருக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1998-இல் வந்த முதல் தலைமுறை டிடி, அதிவேகத்தில் தடம் மாறும்போதும் வளைவில் ஆக்சிலரேட்டரைத் திடீரென விட்டபோதும் பின்பக்கம் வெளியே வீசி விபத்துகளுக்கு உள்ளானது. ஐரோப்பாவில் உயிர்களும் போயின. ஆடி அந்த கார்களைத் திரும்ப அழைத்து, வழுக்கலை அடக்கும் மின்னணு ஏற்பாடான ஈஎஸ்பியும் பின் ஸ்பாய்லரும் பொருத்தி, சஸ்பென்ஷனையும் திருத்தியது. இன்றைய டிடி அதிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டது. என்றாலும் பொறியாளர்கள் வேண்டுமென்றே அண்டர்ஸ்டியர் பக்கம் சாய்த்து வைத்திருக்கும் சமநிலையை, வளைவின் நடுவில் பயந்து காலை எடுக்கும் பழக்கம் இன்னும் போகாத ஒருவருக்காகப் பின்பக்கம் நகர்த்துவது எனக்குச் சம்மதமில்லை. மழையில் நனைந்த டிராக்கில் நிச்சயமாக இல்லை. ஒன்றிரண்டு முறை போய்வந்தபின், கால் ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று பயிற்றுநர் சொன்னபின், முதலில் வாங்க வேண்டிய பொருள் இதுதான்.

அலைன்மென்ட்டுக்கு ஆவது ஆயிரங்களில், காயிலோவருக்கு ஆவது லட்சங்களில். பலனில் அந்த வித்தியாசம் இல்லை. கம்பெனி அமைப்பில் இந்த காரின் முன் கேம்பர் (சக்கரத்தின் மேல்விளிம்பு உள்ளே சாய்ந்திருக்கும் கோணம்) பெரும்பாலும் மைனஸ் ஒரு டிகிரிக்குள்தான் இருக்கும். மெக்பர்சனில் கார் சாயும்போது வெளிச்சக்கரம் தன் மேல்விளிம்பைப் போதுமான அளவு உள்ளே இழுத்துக்கொள்வதில்லை. டயரின் வெளித்தோள்பட்டையே சுமை முழுவதையும் வாங்கும். இந்த வகை கார்களில் முன் கேம்பருக்குத் தனித் திருகு கிடையாது. கீழிருக்கும் சப்ஃபிரேம் எனும் சட்டத்தின் போல்ட்டுகளைத் தளர்த்தி நகர்த்தி, இடது வலது சமமாக்க முடியும். சாதாரண அலைன்மென்ட் கடையில் இதைக் கேட்டால் பெரும்பாலும், "இதற்கு செட்டிங் இல்லை சார்" என்ற பதில் வரும். சப்ஃபிரேமை நகர்த்தத் தயாராக இருக்கும் பட்டறையைத் தேடிப் போவது நல்லது. பின்பக்கத்தில் திருகினால் ஆர்மை நகர்த்தும் எக்சென்ட்ரிக் போல்ட் இருப்பதால் கேம்பர், டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) இரண்டையும் வைக்க முடியும்.

டோவை எப்படி வைப்பது? முன்பக்கம் சற்று டோ அவுட் வைத்தால் டிராக்கில் கார் கூர்மையாகத் திரும்பும் என்பது உண்மை. அப்படி வைத்த காரை ஆனி, ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஓட்டிப் பாருங்கள். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று பக்கவாட்டில் அறையும். நேராக நிற்காத முன்சக்கரங்களோடு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே 450 கிலோமீட்டர் போய்ச் சேருவதற்குள் தோள்பட்டை ஓய்ந்துவிடும். முன்னால் பூஜ்யம், பின்னால் கம்பெனி சொன்ன அளவு டோ இன் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். கேம்பரைக் கூட்ட உதவும் கேம்பர் பிளேட் போட்டு மைனஸ் இரண்டு டிகிரி வரை போகும் யோசனையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

புஷ்ஷைப் பாலியூரிதேனாக மாற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கெட்டியாக இருக்கும், கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும், அதிர்வைக் கேபினுக்குள் அனுப்பும். தினமும் ஓட்டும் காருக்குக் கம்பெனி ரப்பரே போதும்.

சஸ்பென்ஷனில் மிச்சம் பிடித்த பணம் போக வேண்டிய இடம் டயரும் பிரேக்கும். பத்து வருட காரில் பள்ளங்களின் ஆழம் இருந்தும் ரப்பர் மரத்துப்போன டயர்கள் இருக்கலாம். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு வருடத்தையும் சொல்லும். ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் டிராக் பேச்சே வேண்டாம். காலையில் 30 டிகிரியில் 32 பிஎஸ்ஐ வைத்த டயர் உள்ளே 70 டிகிரி சூடானால் 38-ஐத் தொடும். ஒவ்வொரு முறை உள்ளே வந்ததும் சூட்டோடு அளந்து, கூடியதை இறக்கிவிட வேண்டும். ஊருக்குக் கிளம்புமுன் மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் பொருள். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடலாம். இரண்டு பருவமழையும் பெய்யும் இந்த மாவட்டத்தில் மூன்று வருடப் பழைய பிரேக் ஆயிலோடு டிராக்குக்குப் போனால், நேர்ப்பாதையின் முடிவில் பெடல் தரையைத் தொடக்கூடும். புது ஆயில், சூட்டைத் தாங்கும் பேட் ஆகிய இரண்டும் முதல் நாளில் எந்த ஸ்பிரிங்கைவிடவும் முக்கியம்.

சட்டத்தையும் இன்ஷூரன்ஸையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உற்பத்தியாளரின் மூல அமைப்பிலிருந்து வண்டியை வேறுபடுத்தும் மாற்றங்களை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. உயரம் மாறாத ஷாக்குக்கும், தரையைத் தடவும் காயிலோவருக்கும் சோதனைச் சாவடியில் ஒரே வரவேற்பு இருக்காது. இங்குள்ள வழக்கமான கார் பாலிசி பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கி வைத்திருக்கிறது. டிராக்கில் சுவரில் மோதினால் செலவு நம்முடையது என்று வைத்துக்கொண்டே போக வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு; அக்கா மகனுக்கு அது பிடிக்கவில்லை. கரியிலும், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள 3.7 கிலோமீட்டர் டிராக்கிலும் பந்தயப் பயிற்சிப் பள்ளிகள் நடக்கின்றன. காயிலோவர் பணத்தில் ஒரு பகுதியை அங்கே கட்டினால் அவர்களுடைய காரை, அவர்களுடைய டயரை, அவர்களுடைய பயிற்றுநரோடு ஓட்டலாம். சொந்த கார் வீட்டில் பத்திரமாக நிற்கும்.

சொந்த காரில்தான் போவேன் என்றால், முதல் நாள் முடிந்ததும் டயரைப் பாருங்கள். முன் டயரின் வெளித்தோள்பட்டை மட்டும் சுரண்டப்பட்டிருந்தால் அடுத்த செலவு கேம்பர். தேய்மானம் சமமாக இருந்தும் எல்லா வளைவிலும் கார் வெளியே தள்ளினால் பின் பார். வளைவின் நடுவில் ஒரு முட்டலும் அதைத் தொடர்ந்து வழுக்கலும் இருந்தால் பம்ப் ஸ்டாப்பையும் ஷாக்கையும் பார்க்க வேண்டும். இவற்றைத் தாண்டியும் குறை இருந்து, வருடத்துக்கு நான்கைந்து முறை போகப் போகிறீர்கள் என்றால் காயிலோவர் வாங்குங்கள். அப்போது எதைத் திருக வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.

எதை மாற்றினாலும் டிராக் டேக்கு இரண்டு வாரம் முன்னதாகவே மாற்றிவிடுங்கள். ஆர்ம்களின் போல்ட்டுகளை, சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்க விடாதீர்கள். காரின் எடை சக்கரத்தில் இருக்கும்போது இறுக்கினால்தான் ரப்பர் புஷ் முறுக்கில்லாமல் உட்காரும், இல்லையெனில் சில மாதத்தில் கிழியும். புதுப் பாகங்கள் உட்கார்ந்து, உயரம் நிலைக்க இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் ஓட வேண்டும். அதன்பின் எல்லா போல்ட்டையும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்து மறுபடி பார்த்து, கடைசியாக அலைன்மென்ட்டுக்குப் போங்கள்.